ஒரு முழக் கயிறு

"அவளுக்கு ஓடத் தெரியலை டீச்சர்," என்றார் துரைசிங்.

ரஹ்மத் டீச்சர் குனிந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"ஆவுடைக்கு. வலது காலு, முட்டிக்குக் கீழ எலும்பு வலிக்குங்கா. ஒரு மாசமாச்சு. ஓடுற விதமே சரியில்லை. நீங்கதான் பாத்துத் திருத்தணும்."

"நீங்க திருத்தலையா?"

"பதினாலு மாசமா அதத்தான் பண்ணுதேன். மண்டையில ஏறலை."

டீச்சர் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார். கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டார்.

"அவ எங்க?"

"அந்தா, படியில உக்காந்திருக்கா. நாம பேசுறது அங்க கேக்காது."

"நல்லாவே கேக்கு மாஸ்டர்," என்று படியிலிருந்து குரல் வந்தது.

*

இந்த மூன்று பேரும் யார் என்று சொல்லிவிடலாம். பிறகு கதை தன்பாட்டுக்குப் போகும்.

துரைசிங்குக்கு முப்பத்தாறு வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறார். பதினெட்டு வருஷமாக ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுகிறார். மாவட்டப் போட்டியில் நாலு தடவை இரண்டாவதாக வந்தவர். இதை நாம் கேட்காமலே சொல்லிவிடுவார். அதற்கு மேல் போனதில்லை என்பதைக் கேட்டால்தான் சொல்வார்.

ரஹ்மத் டீச்சர் அவரைவிட மூன்று வயது சின்னவர். மேலப்பாளையத்துக்காரர். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஒரு காலத்தில் இதே மைதானத்தில் துரைசிங்குக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடி, "கொஞ்சம் மெதுவாண்ணே" என்று கெஞ்சியவர். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஓடுகிற யாருக்குக் கால் வலித்தாலும் அவரைத்தான் தேடி வருகிறார்கள். துரைசிங்குக்கு இதில் கொஞ்சம் உறுத்தல்தான். இருந்தும் வந்துவிட்டார், வேறு வழியில்லை.

ஆவுடைக்கு இருபத்தேழு. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிற வேலை. வாய் கொஞ்சம் நீளம். ஓட ஆரம்பித்துப் பதினாலு மாதம்தான் ஆகிறது. அவள் ஓடி முடித்த நேரத்தைக் கேட்டு மாற்றுத்திறனாளி விளையாட்டுச் சங்கத்தார் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார்கள்.

பார்வையில்லாதவர் போட்டியில் ஓட வேண்டுமென்றால் கூடவே இன்னொருவர் ஓட வேண்டும். வழிகாட்டி என்று பெயர். நடுவில் ஒரு முழக் கயிறு. இரண்டு முனையிலும் ஒரு வளையம். அவள் வலது கை ஒரு வளையத்தில், இவர் இடது கை இன்னொன்றில். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. இரண்டு கையும் சேர்ந்து வீச வேண்டும், இரண்டு பேர் காலும் சேர்ந்து விழ வேண்டும். இவர் இடது கால் மண்ணைத் தொடும்போது அவள் வலது கால் தொடும். இவர் வலது கால் தொடும்போது அவள் இடது கால். கண்ணாடி பார்க்கிற மாதிரிதான்.

இன்னும் இருபது நாளில் சென்னையில் தேர்வு. அதில் தேறினால் தேசியப் போட்டி. அங்கே ஜெயித்தால் ஓடியவளுக்கும் பதக்கம், கயிறு பிடித்தவருக்கும் பதக்கம். ஒரே மேடையில் இரண்டு பேரும் நிற்கலாம். துரைசிங் அந்த மேடையைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. நினைக்காத நாளும் இல்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் விரிசல் விழலை," என்றிருந்தார். "இப்படியே ஓடினா விழும். விழுந்தா ஆறு மாசம் உட்காரணும். மருந்து தர்றேன், ஆனா மருந்துல ஒண்ணும் இல்லை. ஓடுறதுல ஏதோ கோளாறு இருக்கு. அதைப் பாருங்க."

அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்.

*

"அவ எப்படி ஓடுதா?" என்று டீச்சர் கேட்டார்.

"வலது காலைப் போட்டுக் குத்துதா. இடது காலு தரையில நிக்கவே மாட்டேங்கு. பட்டதும் எடுத்துருதா. உடம்பு ஒரு பக்கமாச் சாயுது."

"ஓடிக் காட்டுங்க."

"யாரு, நானா?"

"பதினாலு மாசம் பக்கத்துலயே ஓடியிருக்கீங்க. உங்களைவிட யாருக்கு வரும்?"

துரைசிங் படியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஓடிக் காட்டினார். இடது காலைப் பட்டும் படாமலும் எடுத்தார். வலது காலைக் குத்தினார். நன்றாகவே வந்தது. கொஞ்சம் கிண்டலும் சேர்ந்துகொண்டது.

ஐந்தாவது குத்தில் நின்றுவிட்டார்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"இம்புட்டுத்தான். புரிஞ்சிருக்கும்லா."

"புரிஞ்சுது," என்றார் டீச்சர்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துரைசிங் முகத்தில் வியர்த்திருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை.

*

துரைசிங்குக்கும் ஒரு வலி உண்டு. வலது குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்துப்போய், தொட்டால் சூடாக இருக்கும். இரண்டு வருஷமாகிறது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முதல் பத்தடிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மனைவி கேட்டால் தூக்கக் கலக்கம் என்பார்.

யாரிடமும் சொன்னதில்லை. சங்கத்துக்குத் தெரிந்தால் கயிற்றை வாங்கி வேறு ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் மேடை ஏது?

ஓட்டக்காரர்கள் குணமே இதுதான். புதிதாக ஓட வந்தவனுக்குக் கால் வலித்தால் தெரு முழுக்கத் தெரியும். பழைய ஆளுக்கு வலித்தால் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் போன வாரம் எத்தனை கிலோமீட்டர் ஓடினேன் தெரியுமா என்று ஆரம்பிப்பான்.

துரைசிங் பழைய ஆள். ஆட்கள் பார்க்கிற இடத்தில் அவர் நடையிலும் ஓட்டத்திலும் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சமமாக ஓடிவிடுவார். அதற்கு எவ்வளவு பாடு என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆவுடைகூட ஓடும்போது மட்டும் அந்தப் பாடு கிடையாது. ஆளில்லாத காலை நேரம். பக்கத்தில் இருப்பவளுக்கோ கண் தெரியாது. யாருக்காக மறைக்க வேண்டும்? கால் போகிறபடி போகட்டும் என்று விட்டுவிடுவார். அவர் நாளிலேயே சுகமான நேரம் அதுதான்.

*

"ஆவுடை, இங்க வா," என்றார் டீச்சர்.

அவள் குச்சியைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் அந்தக் கடைசியில நின்னு கை தட்டுதேன். நேரே என்னைப் பாத்து ஓடி வா. நடுவுல ஒண்ணும் கெடையாது. மண்ணுதான்."

"கயிறு இல்லாமலா?"

"கயிறு இல்லாம."

"மாஸ்டர் விட மாட்டாரே."

"மாஸ்டரைக் கேட்டா நான் சொல்லுதேன்?"

ஆவுடை சிரித்தாள். குச்சியை மடித்துத் துரைசிங் கையில் கொடுத்தாள். முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

டீச்சர் அறுபது மீட்டர் தள்ளிப் போய் நின்று கையைத் தட்டினார்.

அவள் ஓடினாள். வலது கால் மண்ணில் இறங்கிக் குத்தியது. இடது கால் பட்டதும் எழுந்துகொண்டது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. துரைசிங் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

டீச்சரைத் தாண்டி நாலடி போய் நின்றாள். மூச்சு வாங்கியது. குனிந்து வலது கால் எலும்பைத் தடவிக்கொண்டாள்.

துரைசிங் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா டீச்சர்? கயிறு இல்லை, நான் இல்லை, தனியாத்தானே ஓடினா? அப்பமும் அதே கோணல்தான்."

"ஆமா."

"அப்பம் கோளாறு அவகிட்டத்தானே?"

"யாரு சொல்லிக் குடுத்த ஓட்டம்?"

"நான்தான். ஆனா நான் இப்படிச் சொல்லிக் குடுக்கலையே. வலது காலை மெதுவா வைன்னு தெனமும் சொல்லுதேன். அந்தக் காலு விழும்போதெல்லாம் கயிறைச் சுண்டிச் சுண்டி விடுதேன். ஷூவுக்குள்ள ஸ்பாஞ்ச் வெட்டி வச்சேன். இன்னும் என்னத்தப் பண்ண?"

டீச்சர் ஆவுடையைப் பார்த்துத் திரும்பினார்.

"ரொம்ப வலிக்கா?"

"ஓடும்போது வலிக்கலை டீச்சர். நிக்கும்போது வலிக்கு."

"ஓடாம இருந்துட்டா?"

ஆவுடை உடனே பதில் சொல்லவில்லை. அவளுக்கு அது புதிது.

"நான் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி குச்சியைப் போட்டுப் பாக்கணும் டீச்சர். பள்ளமா, படியா, எவனாவது பைக்கை நிறுத்தியிருக்கானான்னு. பொறந்ததுல இருந்து அப்படித்தான். ஓடும்போதுதான் எதையும் பாக்காம காலைத் தூக்கிப் போடுதேன். ஆறு மாசம் உக்காருன்னு டாக்டர் லேசாச் சொல்லிட்டாரு. எனக்கு அது முடியாது."

சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். குச்சியைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

*

"நாளையில இருந்து மூணு நாள் ஆவுடை ஓட வேண்டாம்," என்றார் டீச்சர்.

"அய்யோ, இருக்கிறதே இருபது நாள்தான். அப்பம் யாரு ஓடுறது?"

"நீங்க."

"நான் என்னத்துக்கு?"

"பத்துச் சுத்து. தனியா. நான் இங்கதான் நிப்பேன்."

"டீச்சர், வலி அவளுக்கு."

"பத்துச் சுத்துண்ணே."

"நான் என்ன செய்ய?" என்று ஆவுடை கேட்டாள்.

"வீட்டுல தூங்கு."

"இப்பம்தான் ஒரு நல்ல வைத்தியரைப் பாத்திருக்கேன்," என்றாள் ஆவுடை.

*

முதல் நாள்.

டீச்சர் கோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரைசிங் ஓடினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலை ஆடவில்லை, தோள் ஏறவில்லை, இரண்டு காலும் ஒன்றுபோல விழுந்தன. பதினெட்டு வருஷத்துப் பழக்கம் சும்மாவா.

ஆறாவது சுற்று முடிந்ததும் ஓரமாக வந்தார்.

"இன்னும் நாலு இருக்கே," என்றார் டீச்சர்.

"டியூட்டிக்கு நேரமாச்சு டீச்சர். இன்னைக்கு இன்ஸ்பெக்ஷன் வேற."

"சரிண்ணே. நாளைக்கு."

*

இரண்டாம் நாள்.

ஆறு சுற்று. அதே அழகு. ஆறு முடிந்ததும் குனிந்து ஷூ நாடாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நாடா அறுந்துட்டு டீச்சர்."

டீச்சர் ஷூவைப் பார்த்தார். நாடா அறுந்திருக்கவில்லை. அவிழக்கூட இல்லை.

"சரிண்ணே. நாளைக்கு."

*

மூன்றாம் நாள் டீச்சர் நிற்கவில்லை. படியில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் விளையாட்டு விழாப் பட்டியல். எந்தப் பிள்ளை எந்தப் போட்டியில் என்று ஒவ்வொரு பேராகக் குறித்துக்கொண்டிருந்தார்.

"ஓடட்டுமா டீச்சர்?"

"ஓடுங்கண்ணே. நான் இந்தப் பட்டியலை இன்னைக்குக் குடுத்தாகணும்."

துரைசிங்குக்கு மனசு லேசாகிவிட்டது. ஓடினார். ஆறு சுற்று பல்லைக் கடித்துக்கொண்டு. ஒவ்வொரு தடவை படியைத் தாண்டும்போதும் ஓரக்கண்ணால் பார்த்தார். டீச்சர் திரும்பவில்லை. ஏழாவது சுற்றில் பல்லைக் கடிப்பதை விட்டார். எட்டாவதில் காலை அதன் போக்கில் விட்டார். வலது கால் பட்டதும் எழுந்தது. இடது கால் ஊன்றி விழுந்தது. சுகமாக இருந்தது.

பத்துச் சுற்றும் முடிந்தது. படியைத் தாண்டும்போது மறுபடியும் சமமாக நடந்து வந்தார்.

"முடிச்சிட்டேன் டீச்சர். பத்து."

டீச்சர் ஒரு பெயரை எழுதி முடித்தார்.

"ஏழாவது சுத்துல இருந்து நொண்டுதீங்க," என்றார், திரும்பாமலே.

துரைசிங் டீச்சரின் முதுகைப் பார்த்தார்.

"நீங்க பாக்கவே இல்லையே."

"எதுக்குப் பாக்கணும்? சத்தம் மாறிட்டே. எத்தனை நாளா இருக்கு?"

"என்னது?"

"வலிண்ணே."

துரைசிங் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"ரெண்டு வருஷம்," என்றார். "குதிகாலுக்கு மேல. வலது காலு. அது ஒண்ணும் பெரிசில்லை. ஓட ஓட மரத்துப் போயிரும். பதினெட்டு வருஷமா ஓடுதேன், என் காலு எனக்குத் தெரியாதா?"

டீச்சர் பேனாவை மூடினார்.

"நீங்க சங்கத்துல சொல்லிராதீங்க ரஹ்மத்." டீச்சர் என்பது மறந்துபோயிருந்தது. "கையெடுத்துக் கும்பிடுதேன். நாலு தடவை ரெண்டாவதா வந்து வந்து எனக்கு அலுத்துப் போச்சு. இந்த ஒரு தடவை. சென்னையில ஓடி முடிச்சிட்டு நானே டாக்டர்ட்டப் போறேன்."

"ஆவுடை காலு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? என் வலி என்னோட போயிருது. அவ ஓட்டத்துலதானே கோளாறு?"

"அப்படியா."

"நீங்களே யோசிச்சுப் பாருங்க. எனக்கு நோகுறது வலது காலு. அதனால வலது காலை நான் மெதுவா வைக்கேன். அவ வலது காலைப் போட்டுக் குத்துதா. நேர் எதிரு. என்னைப் பாத்து வந்த கோளாறுன்னா அவளும்லா வலது காலை மெதுவா வைக்கணும்?"

சொல்லி முடித்ததும் அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. நியாயமான பேச்சாகத்தான் தோன்றியது.

"அவ எப்படிண்ணே உங்களைப் பாப்பா?" என்றார் டீச்சர்.

துரைசிங்குக்கு அது வெறும் குத்தலாகப் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தார். கையை நீட்டினார்.

"கயிறைக் குடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு ஒரு நாள். நான் பிடிக்கேன்."

துரைசிங் கயிற்றை எப்போதும் டிராயர் பாக்கெட்டில் சுருட்டி வைத்திருப்பார். வியர்வையில் ஊறி ஊறிக் கறுத்துப்போன கயிறு. எடுத்துக் கொடுக்க வெகு நேரம் ஆயிற்று.

"ஒரு நாள்தானே?"

"ஒரு நாள்."

*

மறுநாள் காலை ஆவுடை மூன்று நாள் தூங்கிய தெம்பில் வந்திருந்தாள்.

"வலி எப்படி இருக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"பாதி போயிட்டு. மாஸ்டர் வரலையா?"

"இங்கதான் இருக்கேன்ம்மா," என்றார் துரைசிங், படியிலிருந்து.

"ஏன் உக்காந்திருக்கீங்க?"

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர்தான் பதில் சொன்னார்.

"இன்னைக்கு உனக்கு வழிகாட்டி நான். ரெண்டே சுத்து. மெதுவா."

"நீங்களா? ஓடுவீங்களா டீச்சர்?"

"ஓடிப் பாப்போம்."

இரண்டு கையும் வளையத்துக்குள் போயின. டீச்சர் "ஒண்ணு, ரெண்டு" என்றார். கிளம்பினார்கள்.

துரைசிங்குக்குத் தன் கையில் கயிறு இல்லாதது என்னவோ போல் இருந்தது. இடது கையை மடியில் வைத்து மூடிக்கொண்டார். வேறொருத்தர் பக்கத்தில் ஆவுடை ஓடுவதை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. வயிற்றெரிச்சல் என்று சொல்வதுதான் சரி.

ஓட்டம் பொருந்தவில்லை. கயிறு முறுகியது, தளர்ந்தது, மறுபடியும் முறுகியது. டீச்சர் சமமாக ஓடினார். ஆவுடை குத்திக் குத்தி ஓடினாள். முதல் வளைவில் ஒரு தடவை தடுமாறினாள். இரண்டாவது வளைவில் டீச்சர் தோளில் இடித்துக்கொண்டாள்.

துரைசிங் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டார். ரஹ்மத்தாலும் முடியவில்லை. யாராலும் முடியாது. பாவம், அந்தப் பிள்ளைக்கு ஓட வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சுற்று முடிந்து படிக்கு நேராக வரும்போது ஆவுடை நின்றுவிட்டாள். டீச்சரும் நின்றார்.

"என்ன ஆவுடை? எலும்பு வலிக்கா?"

"இல்ல டீச்சர்." தயங்கினாள். "ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"உங்க காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

"ஏன் கேக்க?"

"ரெண்டும் ஒண்ணுபோல விழுது."

"விழக் கூடாதா?"

"விழக் கூடாதுல்லா டீச்சர். கயிறுப் பக்கத்துக் காலு ஊனி விழணும், மத்தது பட்டதும் எந்திரிச்சிரணும். அதுதானே ஓட்டம்? மாஸ்டர் வாயால சொல்லலை, மொத நாள்ல இருந்து கயிறுலயே சொல்லிக் குடுத்தாரு. அதைப் பிடிக்கவே எனக்கு மூணு மாசமாச்சு." அவள் குரலில் பெருமைதான் இருந்தது. "அதுக்குப் பொறவு அப்பப்பம் கயிறைச் சுண்டுவாரு. இன்னும் நல்லா ஊனணும்னு சொல்லுதாருன்னு வச்சுக்கிட்டேன். வாயால மெதுவா வைன்னு சொல்லுவாரு, ஆனா அவரு காலு ஊனித்தானே விழுது? நான் காலைத்தான் நம்பினேன்."

டீச்சர் குனிந்து கயிற்றைப் பார்த்தார்.

"கிரவுண்டுல மத்தவங்க ஓடுறதும் எனக்குக் கேக்கும் டீச்சர். எல்லாரும் உங்களை மாதிரித்தான் ஓடுதாங்க, தட்டுத்தட்டுன்னு ரெண்டு காலும் ஒரே மாதிரி. அவங்க சும்மா உடம்பு குறைய ஓடுதவங்க. நாங்க போட்டிக்கு ஓடுதோம்லா."

ரஹ்மத் டீச்சர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஆவுடைக்கு அந்த மௌனம் சங்கடமாகிவிட்டது. டீச்சரின் தோளைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

"கவலைப்படாதீங்க. மாஸ்டர்ட்டக் கேட்டா உங்களுக்கும் சொல்லிக் குடுப்பாரு. ஒண்ணும் தெரியாத எனக்கே பொறுமையாச் சொல்லிக் குடுத்தவரு அவரு."

டீச்சர் படியில் இருந்தவரைப் பார்த்தார்.

"சொல்லிக் குடுங்கண்ணே," என்றார்.

துரைசிங் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பல்லைக் கடிக்கவில்லை. வந்த வலியோடு நொண்டி நொண்டி அவர்கள் நின்ற இடத்துக்கு வந்தார்.

ஆவுடை தலையைச் சாய்த்து அந்த நடையைக் கேட்டாள். சிரித்தாள்.

"என்ன மாஸ்டர், நடக்கும்போதும் அப்படியேதானா?"

துரைசிங் கயிற்றைத் தொடாமல் அவள் முன்னால் நின்றார்.

"டீச்சருக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "அவங்க ஓடுறதுதான் ஓட்டம். எனக்குத்தான் காலு சொகமில்லை. கயிறு அவங்க கையிலயே இருக்கட்டும்."